பூட்டி வச்ச பேட்டரி

வீட்டுல இவி கார் பேச்சு வந்தா, "நீதான் இன்ஜினியராச்சே, பார்த்துச் சொல்லு"ன்னு நம்மகிட்டதான் வருவாங்க. ஆத்தூர்ல இருந்து சேலம் போய்த் திரும்ப நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. டாடா டியாகோ இவி 2022-ல் வந்தப்போ 19.2, 24 கிலோவாட் அவர்னு ரெண்டு பேட்டரி. கம்பெனி சொன்ன தூரம் 250, 315 கிலோமீட்டர். ரோட்டுல அது குறையும். ஆனாலும் சேலத்துக்குச் சின்னதே போதும். பெரிசுக்குக் கூடுதல் காசு கேட்டா நியாயம். உள்ளே செல் அதிகம்.

2016-ல் டெஸ்லா செஞ்சது வேற. மாடல் எஸ் 60 காருக்குள்ள இருந்தது 75 கிலோவாட் அவர் பேட்டரி. மிச்சத்தை மென்பொருளால் பூட்டிட்டாங்க. பணம் கட்டினா திறக்கும். கட்டாதவரும் அந்த எடையைத் தினமும் சுமக்கணும். ஒரே லாபம், 'ஃபுல் சார்ஜ்' போட்டாலும் செல் முழுசா நிரம்பாது. அதனால தேய்மானம் குறைவு.

2017 செப்டம்பர்ல இர்மா புயல் புளோரிடாவை நெருங்கினப்போ, ஊரை விட்டுக் கிளம்பினவங்களுக்காகத் தற்காலிகமா இலவசமாத் திறந்துவிட்டாங்க. நல்ல காரியம்தான். ஆனா கார் நம்ம பேர்ல, சாவி எங்கேயோ இருக்கு பாருங்க!

அதனால ஷோரூம்ல ரேஞ்ச் மட்டும் கேட்காதீங்க. பேட்டரி எவ்வளவு, அதுல எனக்கு எவ்வளவுன்னு கேளுங்க.