பீஜிங் நகரின் செய்குன்று

நம் சங்கத்து அன்பர்கள் சிலருடைய இல்லங்களில் சிரிக்கும் புத்தர் பொம்மையும், கண்ணாடிக் குடுவையில் மூங்கிற் செடியும் குடிபுகுந்திருக்கக் காண்கிறேன். வினவினால் ‘பெங்சுயி’ என்கின்றனர். சென்ற குளிர்காலத்தில் அலுவல் நிமித்தம் பீஜிங் சென்றிருந்தபோது, அச்சொல்லின் பொருளை ஒரு குன்றின்மேல் நின்று கண்டேன். கடைப் பொம்மைகளுக்கும் அதற்கும் வெகு தூரம்.

பெங் என்றால் காற்று. சுயி என்றால் நீர். நான்காம் நூற்றாண்டில் மறைந்த குவோ பூ என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் பழைய நூல், வீட்டைப் பற்றியதன்று. பிணம் அடக்கும் நிலத்தைப் பற்றியது. முன்னோர் எலும்பு நல்ல மண்ணில் கிடந்தால் வழித்தோன்றல்கள் தழைப்பர் என்பது நம்பிக்கை. மண்ணுள் ஓடும் உயிர்ப்புக்கு ‘ச்சி’ என்று பெயர். (நம் செவிக்கு அது வசைமொழியாக ஒலிப்பது சீனர் குற்றமன்று!) காற்று அதனைச் சிதறடிக்கும், நீர் தடுத்துத் தேக்கும். ஆதலின் முதுகுக்கு மலையும், முன்னே நீரும், இருமருங்கும் கைநீட்டி அணைத்தாற்போன்ற மேடுகளும் உள்ள இடமே உத்தமம். வடக்கே கரிய ஆமை, தெற்கே செம்பறவை, கிழக்கே டிராகன், மேற்கே வெண்புலி என நான்கு காவலர். காந்த ஊசி பதித்த திசைத்தட்டு பின்னாளில் வந்து சேர்ந்தது.

இவற்றுள் எவ்வளவு மெய் என்று நான் வாதிடப் போவதில்லை. ஆயினும், வடக்கிலிருந்து வீசிய வாடையில் என் காதுமடல்கள் மரத்துப்போனபோது, முதுகுக்கு மலை வேண்டுமென்றவன் பேதையல்லன் என்று தோன்றிற்று.

மிங் பேரரசன் யோங்லே 1406 முதல் 1420 வரை அரண்மனை கட்டுவித்த இடமோ சமவெளி. மலைக்கு எங்கே போவது? அகழி தோண்டிய மண்ணை அரண்மனையின் வடபால் குவித்து, சுமார் 45 மீட்டர் உயரக் குன்றையே எழுப்பிவிட்டனர்! அதுதான் ஜிங்ஷான். முன்புறத்துக்கு நீர் வேண்டுமென்று, பொன்னீர் எனப் பெயரிட்ட ஓடையை வில்போல் வளைத்து, ஐந்து பளிங்குப் பாலங்களும் அமைத்தனர்.

உச்சி மண்டபத்தில் நின்றால் மஞ்சள் ஓடுகள் வேய்ந்த கூரைகள் தெற்கு நோக்கி வரிவரியாகச் செல்கின்றன. இறங்க மனம் வரவில்லை.

கிழக்குச் சரிவின் அடியில் ஒரு மரம். 1644 ஏப்ரலில் கலகப்படை நகருக்குள் புகுந்தபோது, மிங் மரபின் இறுதிப் பேரரசன் சோங்ஜென் இக்குன்றடியிலேயே தூக்கிட்டு மாண்டான். அன்றைய மரம் இன்றில்லை. இது பின்னர் நட்டது. நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், மலைகள் சூழ யோங்லே தேர்ந்தெடுத்த பள்ளத்தாக்கில் 13 மிங் பேரரசர் துயில்கின்றனர். சோங்ஜெனுக்கெனக் கல்லறை ஆயத்தமாகவில்லை. ஈராண்டுகளுக்கு முன் இறந்திருந்த அவன் காதற்கிழத்தியின் கல்லறையைத் திறந்து, அதிலேயே அவனையும் பட்டத்தரசியையும் வைத்து மூடினர்.