இதுக்கு மட்டும் ஏன் பைப்பு?

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மாஸ்டர் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். கால் வைக்கும் பலகைக்கு அடியில் வந்ததும் ஓசை மாறியது. தொப். திருப்பிப் பிடித்துக் குத்தினார். முனை உள்ளேயே போய்விட்டது.

"பைப்பு போயி ரொம்ப நாளாச்சு சார். பெயின்ட்டுதான் வண்டியத் தாங்கிட்டு நிக்குது."

அப்பாவின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் அது. மயிலாப்பூர் வீட்டின் பக்கச் சந்தில் பதினைந்து வருடம் சாக்கு போர்த்தி நின்றது. சாந்தோம் கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. ஜன்னல் கம்பி, கேட்டின் கொண்டி, துணிக்கொடி ஆணி என்று எதையும் விட்டுவைக்காத உப்புக் காற்று, சாக்குக்கா பயப்படும்?

புதுப்பேட்டையில் அலைந்தால் பழைய ஃப்ரேமே கிடைக்கும் என்றார் நண்பர். கிடைக்கலாம். ஆனால் ஆர்.சி. புக்கில் அப்பா பெயரோடு இருக்கும் சேஸ் நம்பர் இந்த ஃப்ரேமில்தான் குத்தியிருக்கிறது. அதை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கில் அது வேறு வண்டி. என் கணக்கிலும்தான். அதனால்தான் மந்தைவெளிச் சந்தில் இருக்கும் இந்த வெல்டிங் பட்டறைக்கு வந்தேன்.

எஞ்சினையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் எலும்புக்கூடாக நின்ற வண்டியைப் பார்த்து மாஸ்டர் கேட்டார்: "பஜாஜ் ஸ்கூட்டருக்கு பாடியே தகடுதான். இதுக்கு மட்டும் ஏன் சார் பைப்பப் போட்டான்?"

சிறுவயதில் அந்த வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டு ஊரெல்லாம் சுற்றியவன் நான். எனக்குத் தெரியவில்லை.

ஆர்.சி. புக்கிலிருந்து தொடங்கினேன். தயாரிப்பாளர்: ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, பம்பாய். சுருக்கமாக ஏ.பி.ஐ. 1949இல் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமம் தொடங்கி, பின்னால் எம்.ஏ. சிதம்பரம் கைக்கு வந்த கம்பெனி. ஆமாம், சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்த அதே எம்.ஏ.சி. டெஸ்ட் மேட்ச் நாட்களில் அப்பா இந்த வண்டியை அந்த மதில் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போவார். வண்டிக்கும் மைதானத்துக்கும் ஒரே முதலாளி வீட்டுச் சம்பந்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

ஏ.பி.ஐ. செய்ததோ லைசென்ஸ் வண்டி. மூலம் இத்தாலியில், மிலான் நகரத்து லாம்ப்ராத்தே பகுதியில் இருக்கிறது. அங்கே ஓடும் லாம்ப்ரோ ஆற்றின் பெயர்தான் வண்டிக்கு. தொழிற்சாலை பெர்டினாண்டோ இன்னொசெந்தியுடையது. அவர் யார் என்று பார்த்தபோது கேள்வியின் பாதி அங்கேயே அவிழ்ந்தது. மனிதர் குழாய் வியாபாரி! கட்டடச் சாரம் கட்ட, குழாய்களைக் கிளாம்ப் போட்டு இணைக்கும் முறையை 1930களில் கொண்டுவந்து பெரிய ஆளானவர். இத்தாலியில் சாரக் குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான்.

போரில் குண்டு விழுந்து ஆலை நாசமானது. போர் முடிந்ததும் மலிவாக ஒரு ஸ்கூட்டர் செய்ய நினைத்தவர், ஹெலிகாப்டர் வடிவமைத்துப் பெயர் வாங்கிய கொர்ராடினோ டஸ்கானியோவை அணுகினார். டஸ்கானியோவுக்கு விமானத் தொழில் பழக்கம். தகட்டை அழுத்தி வளைத்து, அந்தக் கூட்டையே உடம்பாக்க வேண்டும் என்றார். இன்னொசெந்திக்கோ குழாய். பேச்சு முறிந்து டஸ்கானியோ பியாஜியோ பக்கம் போய்விட்டார் என்பது ஸ்கூட்டர் பிரியர்கள் சொல்லும் கதை. 1946இல் பியாஜியோவின் வெஸ்பா வந்தது, தகட்டில். 1947இல் லாம்ப்ரெட்டா வந்தது, குழாயில். நம் பஜாஜ் ஸ்கூட்டர்கள் வெஸ்பாவின் வாரிசுகள். மாஸ்டரின் கேள்வி எண்பது வருடத்துப் பழைய சண்டை.

1971இல் இத்தாலியில் லாம்ப்ரெட்டா நின்றுபோனது. 1972இல் நம் அரசாங்கம் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவைத் தொடங்கி, இன்னொசெந்தியின் இயந்திரங்களையும் பெயர் உரிமையையும் வாங்கிவந்தது. பெயர் கைவிட்டுப் போனதால் ஏ.பி.ஐ. தன் வண்டிக்கு 'லாம்பி' என்று பெயர் வைத்தது. எங்களுடையது அதற்கு முந்தியது.

இரண்டு வாரம் கழித்து இந்தப் பதிலோடு பட்டறைக்குப் போனபோது மாஸ்டர் வேலையின் நடுவில் இருந்தார். ஃப்ரேம் கோணாமல் இருக்க இரண்டு ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்து முதலிலேயே கட்டிவிட்டார். அழுகிய பாகத்தை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்தாயிற்று. உள்ளிருந்து ஒரு கை செந்தூள் கொட்டியிருந்தது. லேத்தில் கடைந்த ஒரு பைப்பை உள்குழாயாகச் செருகி, மேலே புதுத் துண்டை வைத்தார்.

மெஷின் டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிது. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். வீட்டு பிளக்கிலேயே ஓடும் இன்வெர்ட்டர் வகை. ராடு 12 கேஜ், 6013. கரன்ட்டை 65 ஆம்பியரில் வைத்தார். எர்த் கிளாம்ப்பைப் பிளஸ்ஸில் மாட்டி, ஹோல்டரை மைனஸுக்கு மாற்றினார். "மெலிசு பைப்பு சார். இப்பிடி மாத்திப் போடலேன்னா பைப்பு பொத்தலாவும்." ஒரு புள்ளி வைப்பார், நேர் எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, நிறுத்துவார், டீயை ஒரு வாய் குடிப்பார். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் குழாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

ராடுகளைத் தகர மூடியில் பரப்பி வெயிலில் காயவைத்திருந்தார். ஒன்றை எடுத்துச் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் மாவு உதிர்ந்தது. அது எரிந்து, உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் மூடுகிறது. பிறகு சிப்பிங் சுத்தியால் தட்டினால் ஓடாகப் பெயர்கிறது. வெறும் கம்பியில் வெல்டு நொறுங்குகிறதே என்று கம்பியைக் குழம்பில் தோய்த்துப் பார்த்தவர், கப்பல் பாய்லர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெரி. 1904இல் அவர் தொடங்கிய ஈசாப் கம்பெனிக்கு இன்று நம் அம்பத்தூரிலும் ஆலை உண்டு. 6013 ராடின் மாவில் முக்கியச் சரக்கு ரூட்டைல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். பிரித்தெடுக்கும் தாதுக்களில் அதுவும் ஒன்று. வெல்டிங் ராடு செய்பவர்களுக்குப் போகிறது. சாந்தோம் கடல் தின்றதை அடைக்க மணவாளக்குறிச்சிக் கடல் மணல்.

மாஸ்டரிடம் இன்னொசெந்தி கதையை முழுதும் சொன்னேன். ஹெலிகாப்டர்காரரைத் தாண்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பைப்பு யாவாரியா? அதான பாத்தேன். தகடு வாங்க அடுத்தவன் கடைக்கா போவான்?"

பிறகு கிரைண்டரைப் போட்டுவிட்டார், பேச்சு கேட்கவில்லை.

கிளம்பும்போது அறுத்தெடுத்த துண்டைக் காலால் தள்ளிக் காட்டி, "காயலான் கடைக்குப் போட்டுடவா சார்?" என்றார். வேண்டாம் என்று பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டேன். புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை அதன் கீழே செந்தூளைத் துடைக்க வேண்டியிருக்கிறது.