எழ மறுத்த கொள்கலன்

இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்று, நின்றபின் மீண்டும் எழவும் வல்லது என நாம் எண்ணிக்கொள்கிறோம். கணினியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஆதாரமற்றது. மாதக்கணக்காக இடையறாது இயங்கும் சேவையகத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் பல, அடுத்த தொடக்கம்வரை வெளித்தோன்றாதிருத்தல் கூடும்.

பணிசெயல் முறைமைக் கொள்கலன் என்பது யாது? ஒரு கணினியின் லினக்ஸ் கேர்னலைப் பகிர்ந்துகொண்டே, தனக்கெனக் கோப்புகளும் பயனர்களும் வலையமைப்பு முகவரியும் உடையதாய், தனி முறைமைபோல இயங்குவது. நாற்சார் வீடொன்றிலே பல குடும்பங்கள் வாழ்வதை இதற்கு ஒப்பிடலாம்: கதவுகள் வேறு, கிணறு ஒன்று. 1979 இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த ‘சீரூட்’ இதன் வித்து எனலாம். 2000 இல் பிரீபீஎஸ்டியின் ‘ஜெயில்’ தோன்றியது. 2008 இல் லினக்ஸிற்கு ‘எல்எக்ஸ்சி’ கிடைத்தது.

கலைப்பீட மாணவர் சிலர் சேர்ந்து, பழைய மாணவர் சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாக வருடி, அவற்றிற்கு ஒரு பொருளடைவும் தயாரித்து, இத்தகைய கொள்கலன் ஒன்றிலே சேமித்திருந்தோம். அதனுள் இயங்கியது உபுண்டு 16.04. மூலத் தாள்களிற் சிலவற்றைச் செல் அரித்துவிட்டது. அவற்றிற்கு எஞ்சியிருந்தவை அப்படிமங்களே. சேவையகத்தைப் பேணுவோர் அதனை டெபியன் 11 இற்கு உயர்த்தி மீளத் தொடக்கியபோது, ஏனைய கொள்கலன்கள் எழுந்தன; எமது எழவில்லை. திரையில் வந்தது ‘தொடங்க இயலவில்லை’ என்னும் ஒரு வரி மாத்திரமே. “அழித்துவிட்டுப் புதிதாக அமைப்போம்” என்றார் நண்பர் ஒருவர்.

அழிப்பதற்கு முன் அறியவேண்டியது ஒன்றுண்டு. எழாத கொள்கலன் இறந்துபோன கொள்கலன் அன்று. அதன் கோப்புகள் தாய்க்கணினியின் வட்டிலேயே கிடந்தன. கொள்கலன் நின்றிருந்தபோதும் வெளியிலிருந்து அவற்றைப் படிக்க முடிந்தது. எனவே முதலில் அவை முழுவதையும் வேறோர் வட்டிற் பிரதி செய்தோம். பின்னர் வட்டில் இடம் உண்டா, நினைவகம் போதுமா, வலையமைப்புப் பாலம் இருக்கிறதா என ஒவ்வொன்றாக நோக்கினோம். அவற்றிற் குறையில்லை. இறுதியாக, கொள்கலனைப் பின்னணியில் விடாது முன்னணியிலே தொடக்கி, விரிவான பதிவேட்டை எழுதச் செய்து, அதனை வரிவரியாக வாசித்தோம்.

காரணம் அங்கே இருந்தது. நினைவகம் முதலிய வளங்களைப் பங்கிடும் ‘சீகுரூப்’ ஏற்பாட்டின் இரண்டாம் வடிவத்தையே, 2021 இல் வெளிவந்த டெபியன் 11 இயல்பாகக் கொள்கிறது. உபுண்டு 16.04 இலுள்ள சிஸ்டம்டி 229 ஆம் பதிப்போ அவ்வடிவம் மட்டும் உள்ள இடத்தில் தொடங்க அறியாதது. கொள்கலனுள் ஓர் எழுத்தும் மாறவில்லை, மாறியது பொதுக்கிணறே.

தீர்வும் இரு படியில் அமைந்தது. தாய்க்கணினியின் தொடக்கக் கட்டளையில் பழைய ஏற்பாட்டை மீட்டதும் கொள்கலன் எழுந்தது. எனினும் அது தற்காலிக ஊன்றுகோலே. ஆகவே கொள்கலனுள் இருந்த முறைமையை 18.04 இற்கும், அதிலிருந்து 20.04 இற்கும் உயர்த்தி, ஊன்றுகோலை அகற்றி, மீண்டும் தொடக்கிப் பார்த்தோம். துணையின்றி எழுந்தது.

இதனைப் பொறியியலாளர் காரியமென ஒதுக்குதல் தகாது. சிதைந்த ஏட்டின் வரியொன்று பொருள் தராதபோது, நல்ல பதிப்பாசிரியர் அவ்வரியை நீக்கி வேறொன்றை எழுதுவதில்லை. பிரதியைப் பேணி, சிதைவின் காரணத்தை நாடுகிறார். கணினியிடத்தும் வேண்டப்படுவது அவ்வொழுக்கமே. எமது தமிழ்ச் செல்வங்கள் ஏட்டிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து இத்தகைய கொள்கலன்களுக்கும் பெயர்ந்து வருகின்றன. அவற்றைச் சேமித்தோம் என்று அமைதி கொள்வது போதாது. நெருக்கடி இல்லாத நாளொன்றில் அவற்றை நாமாகவே நிறுத்தி, மீண்டும் எழுகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். அச்சோதனையிற் தேறியவற்றையே காப்பாற்றப்பட்டவை எனக் கொள்ளலாம்.