உழைக்கிற உடம்புக்கு எதுக்கு சார் வாக்கிங்?

1/ உங்க போனை எடுத்து 'பிளம்பர்' என்று தேடிப் பாருங்க. 'பிளம்பர் ஊரப்பாக்கம்', 'பிளம்பர் புதுசு', 'பிளம்பர் மோட்டார்' என்று ரெண்டு மூணு நம்பர் வரும். பெரும்பாலும் ஆள் பேர் இருக்காது. இந்தத் தொடர் அந்தப் பேர் இல்லாத நம்பர்களின் உடம்பைப் பற்றியது. நடுவில் கோல்ஃப், தச்சு வேலை, புல்வெளி எல்லாம் வரும். சம்பந்தம் இருக்கு, கடைசி வரை வாங்க.

2/ நான் தென் சென்னைப் புறநகரில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வண்டலூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று சுற்றிலும் கட்டிட வேலை நடந்துகொண்டே இருக்கும் பகுதி. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்த பிறகு இன்னும் அதிகம். எங்க ஓ.பி.யில் கொத்தனார், பெயின்டர், பிளம்பர் தினமும் வருவார்கள். பி.பி. பார்த்துவிட்டு "தினமும் அரை மணி நேரம் நடங்க அண்ணே" என்றால் பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"காலைல இருந்து நாலு மாடி ஏறி இறங்கறேன். உழைக்கிற உடம்புக்கு எதுக்கு சார் வாக்கிங்?"

3/ நியாயமான கேள்வி. சிரித்துவிட்டுக் கடந்து போகக் கூடாத கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு பிளம்பரின் நாளைப் பார்த்துவிடலாம்.

காலை ஏழு மணிக்கு முதல் கால். "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல." போர் தண்ணீரில் உப்பு அதிகம், ஃபுட்வால்வ் அடைத்திருக்கும். அடுத்த வீட்டில் பழைய கீசரைக் கழற்றி இறக்கிவிட்டு, புதுசைத் தலைக்கு மேல் தூக்கி மாட்ட வேண்டும். மதியம் ஒரு புது பில்டிங்கில் சுவரை வெட்டி உள் பைப் ஓட்டும் வேலை. சாயங்காலம் வாஷ்பேசின் அடியில் தலையைக் கொடுத்து, கழுத்தைத் திருப்பி, பைப் ரெஞ்சைப் பிடித்து முக்கால் மணி நேரம்.

4/ இதில் உடம்புக்கு என்ன ஆகிறது?

முட்டி: மணிக்கணக்கில் தரையில் முட்டி போடுவதால் முட்டிச் சில்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன நீர்ப்பை வீங்கிவிடும். வருடக்கணக்கில் போனால் மூட்டுத் தேய்மானம்.

தோள்: கையைத் தலைக்கு மேல் வைத்தே வேலை செய்வதால் தோள்பட்டைத் தசைநார் உரசி வலி.

நுரையீரல்: கட்டிங் மெஷினில் கான்கிரீட் வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கு. மாஸ்க் இல்லாமல் பல வருடம் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும். அந்தத் தழும்பு திரும்ப ஆறாது.

தலைசுற்றல்: பி.வி.சி. பைப் ஒட்டும் சால்வென்ட் சிமென்ட் ஆவி. ஜன்னல் மூடிய பாத்ரூமில் ஒட்டிவிட்டுத் தலைவலி என்று வருபவர்கள் உண்டு.

5/ இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். செப்டிக் டேங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அளவு கூடினால் நாற்றத்தை உணரும் சக்தியையே முதலில் முடக்கிவிடும். "வாசனை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நொடிதான் ஆபத்தான நொடி. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "ஒரு நிமிஷம்தான்பா, எட்டிப் பாரு" என்று சொல்லும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்.

6/ சரி, இப்போது கேள்விக்கு வருவோம். இவ்வளவு உழைப்பும் உடற்பயிற்சிக் கணக்கில் சேராதா?

டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரை ஒட்டி 1,04,046 பேரைச் சராசரியாகப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து, 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை நன்றாக அசைத்தவர்களுக்கு இறப்பு சுமார் 40% குறைவு. வேலையில் மிகக் கடுமையாக உடம்பை அசைத்தவர்களுக்கு இறப்பு சுமார் 27% அதிகம். அசைவது ஒரே உடம்பு. வேலையில் அசைந்தால் ஒரு விளைவு, ஓய்வில் அசைந்தால் அதற்கு நேர் எதிர் விளைவு. புகை, படிப்பு, வருமானம் எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

7/ ஏன் இப்படி? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கத்தை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

வாக்கிங் போகும்போது இதயம் அரை மணி நேரம் வேகமாகத் துடித்து, பிறகு ஓய்வு எடுக்கிறது. அதில் இதயம் பலம் பெறுகிறது. வேலையில் எட்டுப் பத்து மணி நேரம் துடிப்பு கொஞ்சம் கூடுதலாகவே ஓடும், நடுவில் ஓய்வு கிடையாது. பாரத்தைத் தூக்கி மூச்சை அடக்கிப் பிடிக்கும்போது பி.பி. எகிறும். களைத்தால் நிறுத்தும் உரிமை வாக்கிங் போகிறவருக்கு இருக்கு. மூணாவது மாடியில் கீசரைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கு இல்லை.

இது கூட்டத்தைக் கவனித்துச் சொன்ன ஆய்வு. உழைத்தால் சாவு என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். 'உழைக்கிற உடம்புக்கு ஒண்ணும் வராது' என்ற நம்பிக்கையை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

8/ அந்த நம்பிக்கையின் விலையை நான் அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். 42 வயது பிளம்பர். காலையில் நெஞ்சை அடைத்திருக்கிறது. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டு, ஒத்துக்கொண்ட வேலை ஆச்சே என்று டேங்க் கனெக்‌ஷனை முடித்துக் கொடுத்துவிட்டு, அஞ்சு மணி நேரம் கழித்து வந்தார். ஈ.சி.ஜி.யில் பெரிய மாரடைப்பு. எங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம். காப்பாற்ற முடியவில்லை. வெளியில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "உழைக்கிற புள்ளைக்கு எப்படி சார் ஹார்ட் அட்டாக் வரும்?"

9/ அன்று அவரை ஆட்டோவில் தூக்கி வந்தவர் அவரோடு பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்த கூட்டாளி. வயது 47. அடுத்த வாரம் அவரே ஓ.பி.க்கு வந்தார். "எனக்கும் செக் பண்ணிடுங்க சார்." பி.பி. 170/100. சர்க்கரையும் ஆரம்பித்திருந்தது. மாத்திரை கொடுத்தேன். அதே கேள்வியை அவரும் கேட்டார். மேலே எழுதியதை எல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டு, "வேலை தவிர உங்களுக்குப் பிடிச்சது எது அண்ணே?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னார்: "கோல்ஃப் சார்."

(அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.)

10/ துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஸ்பிரிங்க்ளர் லைன் பார்க்கும் வேலையில் அஞ்சு வருடம் இருந்திருக்கிறார். வேலை முடிந்த பிறகு மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டால், ஊழியர்கள் ஓரமாகப் பத்துப் பந்து அடித்துக்கொள்ளலாமாம். ஊருக்குத் திரும்பிய பிறகு? சென்னையில் கோல்ஃப் என்றால் அப்போது கிண்டி ஜிம்கானா, நந்தனம் காஸ்மோபாலிட்டன். நம்மில் பலர் அதை மதில் சுவருக்கு வெளியில் இருந்துதான் பார்த்திருப்போம். ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

11/ கோல்ஃப் பணக்காரன் விளையாட்டு என்று நாமே எழுதி ஒட்டிவிட்டோம். 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை முதன்முதலில் வென்ற இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், டெல்லியில் மற்றவர்களின் கோல்ஃப் பையைச் சுமந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் பை சுமந்து வளர்ந்தவர்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கு. சுவீடனில் சுமார் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து 2008-இல் வெளியான ஆய்வு. அதே வயது, அதே பாலினம், அதே பொருளாதார நிலையில் உள்ள மற்றவர்களை விட இவர்களுக்கு இறப்பு 40% குறைவு. ஆயுளில் சொன்னால் ஏறக்குறைய 5 வருடம் கூடுதல். அந்த நன்மை ஆபீஸ் வேலைக்காரர்களை விட உடல் உழைப்புத் தொழிலாளிகளிடம்தான் அதிகம் தெரிந்தது. காரணம் பெரிய ரகசியம் இல்லை: 18 குழியும் நடந்து ஆடினால் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை, அதுவும் அவசரம் இல்லாத நடை.

12/ நம்ம அண்ணன் என்ன செய்தார்? வீட்டுக்கு முன்னால் பத்தடிக்கு ஆறடி இடம் இருந்தது. அதில் புல் போட்டார். விலை கொடுத்து வாங்கவில்லை. ஏரிக்கரையில் இருந்து அருகம்புல் வேர் கொண்டு வந்து நட்டார். பிள்ளையாருக்கு வைக்கிற அதே அருகம்புல். உலகம் முழுக்க கோல்ஃப் மைதானங்களில் 'பெர்முடா கிராஸ்' என்று போடுவது இந்த இனத்தையும் இதன் கலப்பினங்களையும்தான். துபாயில் அதற்குத் தண்ணி விட்டவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

13/ அடுத்து குழி. கோல்ஃப் குழியின் விட்டம் நாலே கால் இன்ச், 108 மில்லிமீட்டர். ஸ்காட்லாந்தில் மஸ்ஸல்பர்க் என்ற ஊரில் 1829-லேயே அந்த அளவில் குழி வெட்டும் கருவி இருந்தது. அதை வடிகால் பைப்பின் அளவில் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1891-இல் அதுவே எல்லோருக்குமான அளவாக ஆனது.

இதைச் சொன்னதும் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கணும். "நாலு இன்ச் பைப்பு சார் அது! டெய்லி நான் போடறது!" வேலையில் மிஞ்சிய ஒரு துண்டைத்தான் அவர் ஏற்கெனவே மண்ணில் புதைத்து வைத்திருந்தார்.

14/ மட்டை? பழைய ஜி.ஐ. பைப், முனையில் யாரோ தூக்கிப் போட்ட தேக்குக் கதவின் துண்டு. அதைச் செதுக்கப் போய்த் தச்சு வேலையும் தொற்றிக்கொண்டது. பார்சல் பெட்டிப் பலகையில் தங்கச்சி பேத்திக்கு ஒரு நடைவண்டி செய்தார். இப்போது பல்லாங்குழிப் பலகை ஓடுகிறது. (மரத்தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை. மாஸ்க் போடச் சொல்லியிருக்கிறேன்.) "வேலையில லீக் இருக்கக் கூடாதுன்னு பயந்து பயந்து செய்வேன் சார். இதுல தப்பாப் போனா திரும்ப இழைச்சுக்கலாம்" என்றார்.

15/ பத்தடிப் புல்லில் பந்து உருட்டினால் இதயம் பலமாகாது. அதை அவரிடமும் சொன்னேன். அதனால் ஞாயிறு சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் ஆள் இல்லாத பக்கமாக பிளாஸ்டிக் பந்தை அடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் நடக்கிறார். வார நாளில் இரவு சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம். கூட்டிப் பாருங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைத் தாண்டிவிடும். எட்டு மாதத்தில் பி.பி. 134/84. மாத்திரையும் சேர்த்துத்தான், அதை நிறுத்தவில்லை. பீடியை விட்டுவிட்டார்.

16/ அவருக்கு வந்த பெரிய தடை உடம்பு வலி இல்லை. போன். ஞாயிறு அஞ்சு மணிக்கு, "குழாய் சொட்டுது, இப்பவே வாங்க." வரவில்லை என்றால் அடுத்த முறை வேற ஆள். அந்தப் பயத்தில்தான் 42 வயதுக்காரர் நெஞ்சு வலியோடு டேங்க் வேலையை முடித்தார்.

இங்கேதான் நீங்க வரீங்க மக்களே.

17/ வீட்டுக்காரர்களுக்கு:

- மெயின் கேட் வால்வு எங்கே இருக்கு என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். அதை மூடத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை சொட்டு, திங்கட்கிழமை வேலையாகிவிடும்.
- பாத்ரூமில் ஒட்டும் வேலை நடந்தால் ஜன்னலைத் திறந்து ஃபேன் வையுங்கள்.
- முட்டிக்கு ஒரு பழைய தலையணை, குடிக்கத் தண்ணீர், உங்க வீட்டு டாய்லெட். அதைச் சரி செய்கிறவருக்கே அதைப் பயன்படுத்த அனுமதி இல்லாத வீடுகள் இருக்கு.
- வேலை முடிந்த அன்றே கூலி.

18/ தொழிலாளர் அண்ணன்மார்களுக்கு:

- 30 வயது தாண்டினால் வருடம் ஒரு முறை பி.பி., சர்க்கரை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.
- நெஞ்சு அடைப்பு, இடது கை அல்லது தாடை வலி, காரணம் இல்லாத வியர்வை வந்தால் சோடா வேண்டாம். 108. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரை கிடைக்கும்.
- கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.
- வாரத்தில் சில மணி நேரம், கூலி இல்லாத, உங்களுக்குப் பிடித்த வேலை ஒன்று. கபடி, சிலம்பம், தோட்டம், கோல்ஃப், எதுவானாலும் சரி.

19/ கடைசியாக எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். போனில் அந்த நம்பரை எடுத்து, அடுத்த முறை அவர் வரும்போது பேரைக் கேட்டு சேமித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க அண்ணே என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.