தீவில் ஓர் அறை

மத்தியதரைக் கடலின் நடுவே மால்டா என்றொரு தீவு நாடு இருக்கிறது. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்; நம் சென்னை மாநகராட்சியைக் காட்டிலும் சிறியது. இத்தனை சிறிய நாட்டில் எந்த மூலையில் தங்கினால் என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அந்த ஒரு கேள்விக்காக என் அக்காவும் நானும் மூன்று வாரம் தொலைபேசியில் வழக்காடினோம்.

சென்ற ஆண்டு கோடையில், சிசிலித் தீவில் நடந்த பத்து நாள் கோடைப்பள்ளி ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. அக்கா ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். நாங்கள் நேரில் பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. “அவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரும்புவாயா, தம்பி? ஐந்து நாள் லீவு போடுகிறேன். எங்கேயாவது கடலோரமாக இருந்துவிட்டு வருவோம். செலவு என்னுடையது” என்றாள். சிசிலியின் தென்கரையிலுள்ள பொத்சால்லோ துறைமுகத்தில் விரைவுக் கப்பல் ஏறினால், இரண்டு மணி நேரத்திற்குள் மால்டாவின் தலைநகரான வல்லெட்டா. அங்கே மால்டா மொழியோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி. இடம் முடிவாயிற்று. விசா கேட்பவன் எந்த இரவு எங்கே படுப்பான் என்பதற்குச் சீட்டுக் காட்ட வேண்டுமாதலால், அறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியவில்லை.

பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். விஞ்ஞான மாணவன் அல்லவா! தாளில் கட்டங்கள் போட்டு, ஊர், வாடகை, பஸ் வசதி, கடலின் தூரம் என்று நிரப்பினேன். வல்லெட்டா என் மனத்தைக் கவர்ந்தது. 1565-ஆம் ஆண்டின் பெரிய முற்றுகைக்குப் பின், மறு ஆண்டே வீரத்துறவியர் அடிக்கல் நாட்டிய கோட்டை நகரம் அது. அங்குள்ள புனித யோவான் பேராலயத்தில் கரவாஜியோ 1608-இல் தீட்டிய பெரும் ஓவியம் இருக்கிறது; அவர் தம் கையெழுத்திட்ட ஓவியம் அது ஒன்றே. ஆனால் தெருக்கள் பலவும் படிக்கட்டுகள். செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம் இரவெல்லாம் ஆட்டபாட்டம். அக்காவுடன் போகிறவன் அதை அடித்துவிடுவதே முறை. மெல்லீஹாவில் நல்ல மணற்கரை உண்டு. ஆனால் அது வடகோடி.

கடைசியில் கோசோ என்னும் பக்கத்துத் தீவில் மார்சல்ஃபோர்ன் என்ற மீனவர் ஊரைக் கண்டேன். வாடகை குறைவு. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் க்ஷ்வெய்னி உப்பளங்கள். சுண்ணாம்புப் பாறையைச் சதுரம் சதுரமாகக் குடைந்து, கரையோரம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குப் பரவிய பாத்திகள்; பல தலைமுறைகளாக இன்னும் கையாலேயே உப்பு எடுக்கிறார்கள். தூத்துக்குடிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! உடனே படத்தை அக்காவுக்கு அனுப்பினேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “உப்பளத்துக்கு எதிரிலா அறை பார்த்திருக்கிறாய்? நான் ஓய்வுக்கு வருகிறேனா, வேலைக்கு வருகிறேனா?” என்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழகை ரசிக்கத் தெரியவில்லையே என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பள்ளி விடுமுறை நாட்களில் அம்மாவோடு அளத்துக்குப் போய்ப் பெட்டி சுமந்தவள் அவள். பாத்தியிலிருந்து அம்பாரத்துக்கு, அம்பாரத்திலிருந்து பாத்திக்கு, உச்சி வெயிலில். எனக்கு அப்போது ஐந்து வயது; ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து உப்புக்கல்லை எண்ணி விளையாடினேன். எனக்கு உப்பளம் என்றால் வெண்மையும் வானமும். அவளுக்குக் குதிகாலில் வெடிப்பு.

“சரி அக்கா, உனக்கு எப்படி வேண்டும், நீயே சொல்” என்றேன். லிப்ட் இருக்க வேண்டும், ஒரு குழம்பு வைக்க அடுப்பு வேண்டும், ஜன்னலில் கடல் தெரிய வேண்டும், காலையில் யாரும் எழுப்பக் கூடாது. என் கட்டங்களில் இவற்றுள் பாதிக்கு இடமே இல்லை. ஸ்லியமாவில் ஐந்தாவது மாடியில் ஓர் அறை அமர்ந்தது. ஸ்லியமா புதுக் கட்டடங்கள் நெருங்கிய ஊர்; பார்வைக்கு எந்த ஊராகவும் இருக்கலாம். ஆனால் எதிரே துறைமுக நீருக்கு அப்பால் வல்லெட்டாவின் கோட்டைச் சுவர் மாலையில் பொன்னிறமாகும். படகில் ஏறினால் சில நிமிஷங்களில் அக்கரை.

முதல் இரண்டு நாளும் அக்கா தூங்கினாள். மூன்று ஆண்டுத் தூக்கம் என்று நினைக்கிறேன். நான் படகேறி ஊர் சுற்றினேன். ஹால் சஃப்லியெனியின் நிலவறைக் கோவிலுக்கு நாளொன்றுக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள். வெகு முன்னரே சீட்டு வாங்க வேண்டும் என்பதை என் அருமையான அட்டவணை சொல்லவில்லை! திரும்பி வந்தால் ரசம் மணக்கும். அக்காவும் நானும் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று ஆண்டுகளில் சொல்லாமல் விட்டதையெல்லாம் பேசினோம்.

நான்காம் நாள் காலையில் அவளே, “அந்த உப்பளம் எங்கே?” என்றாள். பஸ்ஸில் வடகோடிக்குப் போய், இருபத்தைந்து நிமிஷம் கப்பலில் கடந்தோம். போகும்போது கட்டணம் வாங்குவதில்லை. கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் வாங்குகிறார்கள். பாறைப் பாத்திகளில் ஒருவர் துடைப்பத்தால் உப்பைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். அக்கா வெகு நேரம் நின்று பார்த்தாள்.

“இவர்கள் கூட்டுகிறார்கள், நாம் வாருவோம்” என்றாள். சற்றுப் பொறுத்து, “காலில் செருப்பு இருக்கிறது, பார்” என்றாள்.

நான் ஏதோ ரசாயனம் பேசினேன். கடல்நீர் வற்றும்போது சுண்ணமும் ஜிப்சமும் முன்னே படியும்; பிறகு சோற்றுப்பு; மக்னீசிய உப்புகள் கடைசி நீரிலேயே நின்றுவிடும், அந்த நீரை நேரத்தில் வடிக்காவிட்டால் உப்பு கசக்கும் என்றேன். “அம்மாவுக்கு இது தெரியாதாக்கும்” என்று அக்கா சிரித்தாள். பாதையோரம் விற்ற உப்பில் இரண்டு பொட்டலம் அவளே காசு கொடுத்து வாங்கினாள். தூத்துக்குடிக்கு உப்புக் கொண்டு போகிறவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்தேன். நாலு கல்லை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றை நாவில் வைத்தாள். “கசப்பு இல்லை. நேரத்தோடு வடித்திருக்கிறான்” என்றாள்.