தகரத்தில் ஒரு ஜாதகம்

பெய்ஜிங்கிலோ ஷாங்காயிலோ டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு பொழுது போகவில்லை என்றால், முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படியுங்கள். சீன மொழி தெரிய வேண்டியதில்லை. சாதாரண கார்களில் முதல் எழுத்து மட்டும்தான் சீனம். அது மாகாணத்தின் சுருக்கப் பெயர். பெய்ஜிங் என்றால் 'ஜிங்'. ஷாங்காய்க்கு 'ஹூ'. அந்தக் காலத்து மீனவர்கள் அங்கே மீன் பிடிக்க வைத்த மூங்கில் பொறியின் பெயராம். அடுத்து வரும் ஆங்கில எழுத்து ஊரைச் சொல்லும். 'ஏ' பெரும்பாலும் மாகாணத் தலைநகரம். குவாங்தொங்கில் 'ஏ' குவாங்சோ, 'பி' ஷென்சென். அப்புறம் வரிசை எண். அதில் எழுத்துகளும் கலந்து வரும். 'ஐ'யும் 'ஓ'வும் மட்டும் வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழப்பும்.

நிறம் இன்னும் சுலபம். நீலம், சாதாரண கார். மஞ்சள், பஸ், லாரி, டிரைவிங் ஸ்கூல் வண்டி. கறுப்பு, தூதரகம்; ஹாங்காங், மக்காவிலிருந்து எல்லை தாண்டி வரும் கார்களும். பச்சை, மின்சார வண்டி. 2016 கடைசியில் ஐந்து நகரங்களில் ஆரம்பித்து 2018ல் நாடு முழுக்க வந்தது. இதில் எண் ஓர் இலக்கம் கூடுதல். வெள்ளை என்றால் போலீஸ் அல்லது ராணுவம், ஒதுங்கிவிடுங்கள். ராணுவ பிளேட்டுக்கு இருந்த மவுசில் சொகுசுக் கார்களிலெல்லாம் அது தொங்க ஆரம்பித்து, பென்ஸிலும் போர்ஷேயிலும் மாட்டக்கூடாது என்று 2013ல் தடை போட்டார்கள்.

இதெல்லாம் படிப்பதற்கு. வாங்குவதுதான் கஷ்டம். ஷாங்காயில் பிளேட்டை ஏலம் விடுகிறார்கள். 2013 மார்ச்சில் சராசரி விலை 90,000 யுவானைத் தாண்டியது. ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம்! உலகத்திலேயே விலை அதிகமான தகரம் என்று ஊர்க்காரர்கள் கிண்டலடிப்பார்கள். பணமில்லாத புறநகர்வாசிக்கு 'ஹூ சி' என்று ஆரம்பிக்கும் பிளேட் உண்டு. ஏலம் கிடையாது; ஆனால் வெளிவட்டச் சாலையைத் தாண்டி ஊருக்குள் வர முடியாது.

பெய்ஜிங்கில் 2011 முதல் குலுக்கல். கிடைத்தாலும், கடைசி எண்ணைப் பொறுத்து வாரத்தில் ஒரு வேலை நாள் காரை வெளியே எடுக்கக்கூடாது. 4ம் 9ம் ஒரே நாள். சீனத்தில் நாலு என்பது சாவு மாதிரி ஒலிக்கும். அதனால் 4ல் முடியும் பிளேட்டை யாரும் விரும்புவதில்லை, அப்படிப்பட்ட வண்டிகளும் குறைவு. விளைவு, அந்த நாளில் வீட்டில் தங்கும் கார்கள் குறைந்து, டிராஃபிக் பிதுங்கும். மூடநம்பிக்கைக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டென்று அங்கேதான் நிரூபிக்கலாம்.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் குலுக்கலில் பெயர் கொடுக்கவே ஐந்து வருஷம் விடாமல் வரியும் சமூகக் காப்பீடும் கட்டியிருக்க வேண்டும். சொந்த ஊர் பிளேட்டோடு ஓட்டலாமா? 2019 நவம்பரிலிருந்து, ஆறாவது வட்டச் சாலைக்குள் வர வருஷத்துக்குப் பன்னிரண்டு பெர்மிட், ஒவ்வொன்றும் ஏழு நாள். மீதி நாளெல்லாம், அதே நகரத்தில் வேலை செய்து வாடகை கொடுத்தாலும், காரைப் பொறுத்தவரை நீங்கள் விருந்தாளி.

பிளேட்டை விற்கவும் முடியாது. ஆனால் புருஷன் பெண்டாட்டி பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சந்து இருந்தது. புரோக்கர்கள் விடுவார்களா? பிளேட் வைத்திருப்பவரோடு கல்யாணம், பெயர் மாற்றம், டைவர்ஸ். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு தகரத்துக்காகப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2021ல் விதியை இறுக்கினார்கள். இப்போது பெயர் மாற்ற, தாலி கட்டி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.