உடைந்த ஊசிக்கு ஒரு கொப்பி

ஆடைத் தொழிற்சாலையில் தையல் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்பது உங்களில் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். உடனே மெசினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்துக் கடதாசியில் ஒட்டி, திகதி, நேரம், மெசின் இலக்கம் எல்லாவற்றையும் கொப்பியில் பதிய வேண்டும். அதன் பிறகுதான் புது ஊசி தருவார்கள். உடுப்புக்குள் ஒரு துண்டு போய்விட்டால் எங்கோ அதை அணியும் குழந்தையைக் குத்திவிடும் அல்லவா?

நியாயமான கவனம்தான். ஆனால் அதே ஊசி எங்கள் விரலைக் குத்தினால் பதிவதற்கு எங்களிடம் கொப்பி இருக்கவில்லை.

நான் மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். 2007ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், கட்டுநாயக்கப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். வாசலில் ஒரு பெரிய பலகை. விபத்தில்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கை அதில் தினமும் கூடிக்கொண்டே போகும். பார்க்கும்போதெல்லாம் நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம் ஊசி என் ஆட்காட்டி விரலில் இறங்கியது. ஓடிவந்த மேற்பார்வையாளர் முதலில் தேடியது ஊசித் துண்டைத்தான். நான் துணியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் தைக்கத் தொடங்கினேன். லீவு எடுத்தால் அந்த மாத வரவுக் கொடுப்பனவு இல்லை. பலகையின் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்தால் எங்கள் லைனுக்குத்தான் பேச்சு விழும். மறுநாள் பார்த்தேன், பலகையில் ஒரு நாள் கூடியிருந்தது.

2011இல் நான் லைன் லீடர் ஆனேன். யுத்தம் முடிந்தபின் வன்னியிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சிங்களம் தெரியாது. மெசினில் ஒட்டியிருந்த அறிவுறுத்தல்களோ சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. அதனால் அவர்களுக்கு நான் சொல்வதுதான் சட்டம்.

அப்படி வந்த ஒரு தங்கச்சி, ஊசிக்கு முன்னால் இருக்கும் சிறிய கம்பிக் காப்பைக் காட்டி, "அக்கா, இது என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"அது இருந்தா நூல் கோக்கச் சுணங்கும் தங்கச்சி. கழட்டி வச்சிட்டுத் தை" என்றேன்.

எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அன்றைய டாகெட் என் தலைக்கு மேல் நின்றது.

இரண்டு வாரத்தில் அவளுடைய விரல் மெசினுக்குள் போனது. ஊசி நகத்தைத் துளைத்து எலும்பில் முறிந்தது. வைத்தியசாலையில்தான் துண்டை எடுத்தார்கள். விசாரணையில், அவள் தானாகவே காப்பைக் கழற்றியிருக்கிறாள், கவனக்குறைவு என்று எழுதினார்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. காயம் ஆறுமுன்பே அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷின் சாவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் எங்களைப் போன்ற தையல் தொழிலாளர்கள். முதல் நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டிருந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல் மாடிகளிலிருந்த ஆடைத் தொழிற்சாலைகள் மறுநாளும் பிள்ளைகளை உள்ளே அழைத்தன. வெடிப்பை எல்லோரும் கண்டார்கள். ஆனால் "நாங்கள் ஏறமாட்டோம்" என்று சொல்லி நிற்கும் பலம் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. அன்றிரவு போர்டிங்கில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம், புதிதாக வந்திருந்த முகாமையாளர் லைன் லீடர்களைக் கூப்பிட்டு, "இங்கே உங்களுக்குப் பயமாக இருக்கும் விடயங்களைச் சொல்லுங்கள்" என்றார். வழமைபோல் எல்லோரும் மௌனம். எப்படித்தான் துணிவு வந்ததோ, நான் எழுந்து வன்னிப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். கழற்றச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஏசவில்லை. "ஏன் கழற்றச் சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். காப்போடு நூல் கோர்க்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், டாகெட்டில் அந்த நேரம் சேர்க்கப்படவில்லை என்றேன். அடுத்த கிழமையே நேரத்தைத் திருத்திக் கணக்கிட்டார்கள். காப்புகள் திரும்பவும் பூட்டப்பட்டன. பிறகு அவற்றைக் கழற்ற ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை.

அன்று அவர் என்னைத் தண்டித்திருந்தால், அந்த மண்டபத்தில் இன்னொருத்தி வாய் திறந்திருக்கமாட்டாள்.

அதன்பின் ஒவ்வொன்றாக மாறியது. வேலையில் காயப்பட்டு லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவை வெட்டவில்லை. அறிவுறுத்தல்கள் தமிழிலும் வந்தன. அவசர வாசலை மறைத்துப் பெட்டிகள் அடுக்குவது நின்றது. ஒவ்வொரு லைனிலும் ஒரு கொப்பி தொங்கியது. காயத்தை மட்டுமல்ல, மயிரிழையில் தப்பியதையும் பெயர் போடாமல் எழுதலாம். முதல் மாதத்திலேயே பக்கங்கள் நிரம்பின. விபத்து கூடிவிட்டதோ என்று சிலர் பயந்தார்கள். கூடியது விபத்தல்ல, குறைந்தது ஒளிப்பு.

சட்டம் இதற்கு முன்பும் இருந்ததுதான். நம் நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினுடையது. ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்றும், மூன்று நாட்களுக்கு மேல் வேலைக்கு வரமுடியாதபடி ஒருவர் காயப்பட்டால் அறிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நட்டஈட்டுக்கான கட்டளைச் சட்டம் 1934இலேயே வந்துவிட்டது. ஆனால் எழுதப்படாத காயத்துக்கு எந்தச் சட்டத்தைக் காட்டி நட்டஈடு கேட்பது?

ஒரு நாள் அந்தத் தங்கச்சியின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப்பிடித்து எடுத்தேன். மன்னிப்புக் கேட்க நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "நீங்கள்தான் கழட்டச் சொன்னனீங்கள் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையக்கா." என்னைக் காப்பாற்றியதாக அவள் நினைத்திருந்தாள். அந்தச் சொல் இன்றும் என்னைக் குத்துகிறது.

2016இல் ஊருக்குத் திரும்பினேன். இப்போது நான்கு மெசின்களோடு சிறிய தையற்கடை நடத்துகிறேன். மூன்று பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சுவரில் ஆணியடித்து ஒரு கொப்பி தொங்கவிட்டிருக்கிறேன். முதற்பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து: "அவசரத்தில் இஸ்திரிக்கைப் பெட்டியை அணைக்காமல் போனேன்." அதைப் பார்த்த பிறகுதான் மற்றப் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினார்கள்.

சகோதரிகளே, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் பலகை என்ன சொல்கிறது என்று பார்க்காதீர்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நேற்றுச் சேர்ந்த பிள்ளை சொன்னால், அங்கே யார் மெசினை நிறுத்துவார்கள் என்று பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், முதலில் நிறுத்துபவர் நீங்களாக இருங்கள்.